ராசா பாத்த செக்யூரிட்டி வேலை

எனக்கு அண்டைக்கு வந்த சந்தோசப் புளுகத்தை என்னெண்டு சொல்ல! சுவரில எழுதியிருந்ததை மூண்டாந்தரம் வாசிச்சும் நம்பேல்லை. ஆயிரம் வருசத்துக்கு முந்தி நோர்வேயை ஆண்ட வைக்கிங் ராசா, கோடாலியும் கையுமாய்க் கடல் முழுக்கக் கலக்கின ஆள், ராசாவாகிறதுக்கு முந்தி என்ன வேலை பாத்தவர் தெரியுமோ? செக்யூரிட்டி! வேற நாட்டுச் சக்கரவர்த்தி ஒருத்தரின்ர அரண்மனையில, ஒம்பது பத்து வருசம், காவல்காரன்! நான் குனிஞ்சு என்ர யூனிபோமைப் பாத்தன். தோள்மூட்டு ரெண்டும் தொங்கிற, ஆருக்கோ தைச்ச கறுப்புக் கோட். அண்டையில இருந்து அந்தக் கோட்டைப் போடேக்க நெஞ்சை நிமித்தித்தான் போடுறன்.

ரொறன்ரோ நடு நகரில ஒரு கண்காட்சி மண்டபம். வைக்கிங்குகளின்ர வாள், கோடாலி, தோடு, சீப்பு, ஒரு பெரிய கப்பலின்ர மாதிரி எல்லாம் ஆறு மாசத்துக்கு அங்க வந்து இறங்கியிருந்தது. கொம்பனி என்னை அதுக்குக் காவலா அனுப்பினது. எட்டு மணித்தியாலம் நிக்கிற வேலை. வாறவையோட கதைக்கக் கூடாது, அதுதான் சட்டம். வோஷ்றூம் எங்க எண்டு கேட்டால் கையைக் காட்டலாம். அவ்வளவுதான். என்னைப்போல ஆளுக்கு உது பட்டினி போடுற தண்டனை ஐயா! முந்தி காவலுக்கு நிண்ட கொண்டோ மாடிக் கட்டிடத்தில வந்து போறவையோட கதைச்சுக் கதைச்சே வேலையைத் துலைச்சவன் நான். "நுணலும் தன் வாயால் கெடும், நினைப்பிருக்கட்டும்" எண்டு என்ர மனுசி காலமை சாப்பாட்டுப் பெட்டியைத் தரேக்க ஒவ்வொரு நாளும் சொல்லித்தான் தருவா.

வாயைப் பூட்டினால் கண் சும்மா கிடக்குமோ? சுவரில இருந்த எழுத்தெல்லாத்தையும் வாசிச்சன். பிறகு வீட்டுக்குப் பக்கத்து லைப்ரரியில அந்த ராசாவைப் பற்றி இருந்த புத்தகமெல்லாம் எடுத்தன். சப்வேயில நிண்டுகொண்டு வாசிச்சு, இறங்கிற ஸ்ரேசனை ரெண்டு தரம் விட்டிட்டன்.

கதையைக் கேளுங்கோ. அவருக்குப் பதினைஞ்சு வயசு. அண்ணன்தான் ராசா. ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், தேப்பன்மார் வேற. பறிபோன சிம்மாசனத்தைத் திரும்பப் பிடிக்க அண்ணன் சண்டைக்குப் போறார். தம்பியைப் பாத்து, நீ சின்னப்பெடியன், நீ வரவேண்டாம் எண்டு சொல்லுறார். தம்பி கேக்கிற ஆளோ? எனக்கு வாளைத் தூக்க ஏலாதெண்டால் வாளைக் கையோட வைச்சுக் கட்டிவிடுங்கோ எண்டு ஒற்றைக்காலில நிண்டவராம். சண்டை தோத்துப்போச்சு. அண்ணன் அந்த இடத்திலேயே செத்தார். தம்பிக்குக் காயம். ஆரோ அவரை இழுத்துக்கொண்டு போய், காட்டுக்குள்ள ஒரு கமக்காரன்ர வீட்டில ஒளிச்சு வைச்சவை. காயம் ஆறினாப்போல எல்லை கடந்து போய், கடைசியில அந்தக் காலத்து ரஷ்யாக்காரரின்ர பக்கம் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமோ? கீவ்!

கீவ் எண்டு வாசிச்ச உடன எனக்கு மயிர் சிலிர்த்துப் போச்சு. நான் கிடந்த ஊரெல்லோ! மொஸ்கோவில இறக்கி, கீவுக்குக் கொண்டுபோய், ஒரு பிளட்டில பதினாலு பெடியளை அடைச்சு வைச்சவன், கனடாவுக்கு அனுப்புறன் எண்டு சொன்ன எங்கட ஏஜென்ற். ஏழு மாசம் உருளைக்கிழங்கும் பாணும். அந்த யன்னலால நான் பாத்துக்கொண்டிருந்த ஆத்தாலதான் ராசாவும் படகில போனவர்! ஆளில்லாத ஹோலில நிண்டு சத்தமாய்ச் சிரிச்சுப்போட்டன்.

ஆனா அந்தச் சுவரின்ர முதல் பந்தியைப் படிக்கேக்க மட்டும் சிரிப்பு வராது. எனக்கும் ஒரு அண்ணை இருந்தவர். சண்டைக்காலத்தில எங்கட ஊரில செல் விழுந்து வெடிச்ச அண்டைக்கு அவருக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினேழு. காயப்பட்ட அவரை வான் ஒண்டில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்க அம்மாவும் கூடப் போட்டா. அப்பா அதுக்கு முந்தியே இல்லை. நான் ஒழுங்கையில நிண்டனான். கொஞ்ச நேரத்தால எங்கட ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் மோட்டச்சைக்கிளில வந்து நிண்டு "ஏறடா" எண்டார். ஏறினன். எங்க, ஏன் எண்டு ஒரு சொல் கேக்கேல்லை. வள்ளம், வவுனியா, கொழும்பு. கொழும்பில வைச்சுத்தான் அண்ணை அண்டைக்கே செத்திட்டார் எண்டு அறிஞ்சன். கொள்ளி வைக்கவேண்டிய தம்பி நான். ஆரோ ஒரு தூரத்துச் சித்தப்பா வைச்சவராம்.

அம்மாவைப் பிறகு ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டன். இப்ப பதினெட்டு வருசமா மோர்னிங்சைட்டில எங்களோடதான் இருக்கிறா. அண்ணையின்ர திவசத்துக்கு விடிய எழும்பிக் குளிச்சு, அவருக்குப் பிடிச்ச கத்தரிக்காய்ப் பால்கறி வைச்சுப் படைப்பா. நாங்கள் சாப்பிடுவம். ஆனா அந்த நாளைப் பற்றி அவவும் கேட்டதில்லை, நானும் வாய் திறந்ததில்லை. இவ்வளவு கதைக்கிற வாய், அதுக்கு மட்டும் திறக்காது. அண்ணனை விட்டிட்டு ஏன்ரா ஓடினனி எண்டு ஒருநாள் கேட்டிடுவா எண்ட பயம் எனக்கு. முப்பது வருசப் பயம்.

வீட்டில எல்லாருக்கும் ராசாவின்ர கதைதான். "என்ன, உங்கட ராசாவுக்கு இண்டைக்கு ஓவர்ரைமோ?" எண்டு மனுசி நக்கல் அடிப்பா. மகள், "அப்பா, ப்ளீஸ், நொட் அகெய்ன்" எண்டுகொண்டு காதில பாட்டுக் கேக்கிற கருவியைச் செருகிடுவாள். அம்மா மட்டும் குசினி மேசையில இருந்து வெங்காயம் உரிச்சபடி ஒண்டும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பா. அம்மா இருக்கேக்க நான் கதையைக் கீவில இருந்துதான் தொடங்குவன். அதுக்கு முன்னால நடந்ததை விழுங்கிப்போடுவன்.

இப்பிடி இருக்க, ஒரு புதன்கிழமை. பத்து மணி இருக்கும். மண்டபக் கதவைத் திறந்துகொண்டு ஒரு முப்பது பேர் வருகினம். சீலைக்கு மேல குளிர் ஜக்கெற், காலில ஓடுற சப்பாத்து, கையில இடியப்பப் பார்சல். பாத்தால் எங்கட மோர்னிங்சைட் மூத்தோர் சங்கம்! மஞ்சள் பஸ் பிடிச்சு வந்திருக்கினம். ரெண்டாம் வரிசையில, கைப்பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு அம்மா! காலமை தேத்தண்ணி ஊத்தித் தந்தவ, வாறன் எண்டு எனக்கு ஒரு மூச்சும் விடேல்லை.

மண்டபத்துக் கைட் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. நல்ல பிள்ளை, ஆனா அவளின்ர இங்கிலிஷ் எக்ஸ்பிரஸ் பஸ். எங்கட ஆக்கள் ஒண்டும் விளங்காமல் மரியாதைக்குத் தலையாட்டினம். ஒரு அன்ரிக்குப் பொறுக்கேல்லை.

"தம்பி, நீர் தமிழ்தானே? உந்தக் கோடாலிக்காரன் ஆரப்பா?"

சுத்துமுத்தும் பாத்தன். சூப்பவைசரைக் காணேல்லை. கைட் பிள்ளையும் கையெடுத்துக் கும்பிடாத குறையாய், நீயே சொல்லு எண்டாள். பிறகென்ன! மூண்டு மாசம் அடைச்சு வைச்ச வாய். வாய்க்கால் வெட்டிவிட்டாச்சு.

"உவர் நோர்வே நாட்டு ராசா அன்ரி."

"நோர்வேயோ? ஒஸ்லோவில என்ர மகள் இருக்கிறாள். அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"உவர் செத்து ஆயிரம் வருசம், அன்ரி."

"அப்ப மருமோனுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் அவளுக்கு முந்திப் போனவர்."

தலையில கொம்பு எங்க எண்டு இன்னொருத்தர் கேட்டார். கொம்பெல்லாம் பிற்காலத்தில ஆரோ கட்டின கதை, அங்கிள் எண்டு சொல்லிக் கீவில இருந்து தொடங்கினன். அங்கத்தை அரசன்ர மகளை இவர் கேக்கிறார். பெரிய பேர் எடுத்துக்கொண்டு வா பாப்பம் எண்டு அரசன் சொல்லுறார். "சரியாத்தான் சொல்லியிருக்கிறார். வேலைவெட்டி இல்லாதவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?" எண்டா ஒரு அன்ரி. அதுக்குப் பிறகுதான் இப்பத்தை இஸ்தான்புல்லில சக்கரவர்த்திக்குக் காவல்வேலை. நான் என்ர யூனிபோம் கோட்டைத் தட்டிக் காட்டினன். எல்லாரும் என்னையும் சுவரையும் மாறிமாறிப் பாத்திச்சினம். ஒருத்தர் கைதட்டினார்!

சக்கரவர்த்திக்காகச் சண்டைக்குப் போன இடத்தில ஒரு கோட்டையை எப்பிடியும் பிடிக்க ஏலாமல் போக, ராசா செய்த வேலையைச் சொன்னன். எங்கட தலைவர் செத்துப்போனார், உங்கட ஊருக்குள்ள அடக்கம் செய்ய விடுங்கோ எண்டு சொல்லியனுப்பிப்போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அழுதழுது போகினம். கதவு திறக்குது. நட்ட நடு வாசலில பெட்டியைத் தொப்பெண்டு போடுகினம், கதவைச் சாத்த ஏலாது! எல்லாரும் வாளை உருவிக்கொண்டு உள்ள!

"செத்தவீடெண்டு பொய் சொன்னவனோ! நாசமறுப்பான்!" எண்டு அன்ரிமார் வாயில கை வைச்சிச்சினம். ஆனா ஒருத்தரும் நகரேல்லை. பிறகு, பிறகு எண்டு கேக்கினம்.

பிறகுதான் சங்கிலி. ஊருக்குப் போக விடமாட்டம் எண்டதால ராசா இஸ்தான்புல்லை விட்டுத் தப்பி ஓடுறார். துறைமுகத்துக்குக் குறுக்கால பெரிய இரும்புச் சங்கிலி. உதை வாயால சொன்னால் விளங்குமோ? கப்பலுக்கு முன்னால நிலத்தில ஒரு கயிறு கிடந்தது. அதுதான் சங்கிலி எண்டன். முப்பது பேரையும் கப்பல் வடிவில நிக்க வைச்சன். "வேகமா வலியுங்கோ! இப்ப எல்லாரும் பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு! பின்பக்கம் பாரமாக, மூக்கு மேல எழும்புது! சங்கிலிக்கு மேல ஏறீட்டுது! இனி முன்னுக்கு ஓடுங்கோ, ஓடுங்கோ!" ஐயோ, அந்தச் சிரிப்பையும் சத்தத்தையும் நீங்கள் கேட்டிருக்கோணும்! ஊன்றுகோலைத் தூக்கித் துடுப்பு வலிச்சவையும் இருக்கினம். அம்மா கைப்பையோட பின்னுக்குப் போய், முன்னுக்கு ஓடி வந்தா. அவ ஓடி நான் என்ர சீவியத்தில கண்டதில்லை.

திரும்பிப் பாத்தால் வாசலில சூப்பவைசர். கயானாக்காரி, கண்டிப்பான மனுசி. ரேடியோவைப் பிடிச்ச கை அந்தரத்தில நிக்குது. முன்னுக்கு ஓடுங்கோ எண்டு நான் கத்தேக்க அவவின்ர காலும் ஒரு அடி முன்னுக்கு வந்ததை நான் கண்டனான். அடுத்த நாள் ஒபீசில வைச்சு எச்சரிக்கைக் கடிதத்தை நீட்டேக்க, அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டு சாதிச்சுப்போட்டா. அண்டைக்குத் தலையை ஆட்டிப்போட்டு அங்கால போட்டா.

எனக்கு இன்னும் உசார். ராசா ஊருக்குத் திரும்பி வந்து முடி சூடினது, இருபது வருசம் இரும்புக் கையால ஆண்டது, அம்பது வயசில முந்நூறு கப்பலோட இங்கிலாந்தைப் பிடிக்கப் போனது எல்லாத்தையும் ஒரே மூச்சில சொன்னன். அந்தச் சண்டை நாளில நல்ல வெயில். இரும்புச் சட்டையளைக் கப்பலில கழட்டி வைச்சிட்டுப் போட்டினம். எதிராளியின்ர படை திடீரெண்டு வந்து நிக்குது. எங்கட ராசாவுக்கு எவ்வளவு நிலம் தருவியள் எண்டு இவையள் கேக்க, ஏழடி தருவம், ஆள் உயரமெண்டால் இன்னுங் கொஞ்சம் கூட்டித் தருவம் எண்டு பதில் வருது. அண்டைக்குத்தான் தொண்டையில அம்பு பட்டுச் செத்தவர். "ச்சா" எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். ஒரு அன்ரி மூக்கை உறிஞ்சினா. வெயிலெண்டு சட்டையைக் கழட்டினவனுக்கு மனுசி ஒருத்தி பக்கத்தில இருந்திருந்தால் விட்டிருப்பாளோ எண்டு கேட்டா.

அப்பதான் முன் வரிசையில இருந்து ஒரு குரல். ஊரில போஸ்ற்மாஸ்டரா இருந்து ரிட்டயர் பண்ணினவர், முகவரி சரியில்லாத கடிதம் மாதிரி எதையும் சும்மா விடமாட்டார்.

"எல்லாம் சரி தம்பி. ஆனா நீர் கீவில இருந்துதான் தொடங்கினனீர். அந்தாள் முதலில ஏன் ஊரை விட்டவர்? அதைச் சொல்லேல்லையே?"

சுவரில முதல் பந்தி பெரிய எழுத்தில கிடக்குது, மறைக்கவும் ஏலாது. அம்மாவைப் பாக்காமல் சொன்னன். சண்டை, அண்ணன், வாள், காயம், காடு. நாலு வசனத்தில முடிச்சன்.

"அப்ப அண்ணன்ர பிரேதத்தை விட்டிட்டு ஓடின ஆள்" எண்டார் போஸ்ற்மாஸ்டர். "உவரையோ பெரிய வீரன் எண்டு இவ்வளவு நேரமும் புழுகினனீர்?"

அவருக்கு ஒண்டும் தெரியாது, பாவம்.

"போஸ்ற்மாஸ்டர், அந்தப் பெடியன் ஓடேல்லை." அம்மாவின்ர குரல். "அவனை அனுப்பினது."

"ஆர் அனுப்பினது?"

"பெத்தவள்தான் அனுப்பியிருப்பாள். ஒண்டைப் பறிகுடுத்தாச்சு. மற்றதையும் பக்கத்தில வைச்சிருந்து, அதுக்கும் வாய்க்கரிசி போடச் சொல்லுறியளோ?"

"அப்பிடி உதில எழுதியிருக்கோ தம்பி?" எண்டு போஸ்ற்மாஸ்டர் என்னைப் பாத்தார். தாயைப் பற்றி அந்த இடத்தில ஒரு வரியும் இல்லை. அம்மாவே சொன்னா, எழுதினவன் தாயிட்டைக் கேட்டிருக்கமாட்டான் எண்டு.

கைட் பிள்ளை நல்ல நேரம் பாத்து எல்லாரையும் கடைசி அறைக்குக் கூட்டிக்கொண்டு போட்டாள். அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு எலும்புக்கூடு. ராசா இல்லை, பேர் தெரியாத ஆரோ ஒரு போர்வீரன், இருபது வயசுக்குள்ளதான் இருக்கும் எண்டு எழுதியிருந்தது. எங்கட ஆக்கள் சிலர் சப்பாத்தைக் கழட்டினவை. வெளியில வந்து மதியச் சாப்பாட்டுக்கு இருத்தினால் ஒருத்தரும் பார்சலைத் தொடமாட்டினமாம். ஏன் எண்டு கைட் பிள்ளை அந்தரப்பட்டு என்னட்டை ஓடி வாறாள். ஏனோ? செத்தவீட்டுக்குப் போட்டுக் குளிக்காமல் எங்கட சனம் சாப்பிடுமோ? துடக்கு! கை, கால், முகம் கழுவி, உச்சியிலயெண்டாலும் தண்ணி தெளிக்கோணும் எண்டு முப்பது பேரும் வோஷ்றூமுக்குள்ள. தரையெல்லாம் வெள்ளம். அண்டைக்கு எனக்கு ஒப்பிசியலா இருந்த ஒரே வேலை, வோஷ்றூம் அங்கால எண்டு கை காட்டுறது. அதை மட்டும் சட்டப்படி செய்தன்.

கடைசியா அம்மா வெளியில வந்தா. முன்மயிர் நனைஞ்சிருந்தது. கையில ஒரு தண்ணிப் போத்தில், நிறைய.

"நீ ஒவ்வொரு நாளும் உந்தப் பிரேதத்துக்குப் பக்கத்தில நிண்டிட்டு, தலை முழுகாமலோ வீட்டுக்குள்ள வாறனி?"

"அம்மா, அது ஆயிரம் வருசத்து எலும்பு."

"இருக்கட்டும். உது ஆரோ பெத்த பிள்ளை." போத்திலின்ர மூடியைத் திறந்தா. "வீட்டில எப்பவும் கீவில இருந்துதான் தொடங்குவாய். அதுக்கு முந்தி என்ன நடந்ததெண்டு நீ சொல்லுறதைக் கேக்கத்தான் இண்டைக்கு பஸ் ஏறினனான்."

ஆக்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தினம்.

"சைக்கிள் கடைக்காரரை நான்தான் அனுப்பினனான்" எண்டா. "ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணைக்கு மூச்சு நிண்டிட்டுது. அந்த மனுசன் அங்க நிண்டவர். போய் என்ர மற்றவனை ஏத்திக்கொண்டு போங்கோ, அண்ணன் செத்ததைச் சொல்லாதேங்கோ, சொன்னால் வரமாட்டான் எண்டு நான்தான் காலைப் பிடிச்சுக் கேட்டனான். கொள்ளி வைக்க விடாமல் உன்னை ஊரை விட்டுக் கலைச்சனான். அதுதான் நீ என்னோட அதைக் கதைக்கிறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். கோவமோடா?"

"இல்லையம்மா" எண்டன்.

"குனி."

யூனிபோமோட, மண்டப நடையில, சனத்துக்கு நடுவில குனிஞ்சன். உச்சியில தண்ணி விழுந்தது. சரியான குளிர். நெத்தியால, கண்ணால, கழுத்துக்குள்ளால இறங்கி அந்தப் பெரிய கோட்டுக்குள்ள ஓடினது. "அண்ணைக்கு" எண்டா அம்மா. ரெண்டாந்தரம் ஊத்தினா. இடுப்பில இருந்த ரேடியோ இரைஞ்சது, நான் எங்க நிக்கிறன் எண்டு சூப்பவைசர் கேக்கிறா. ரெண்டு தரம் கேட்டா. நான் நிமிரேல்லை, அம்மா இன்னும் ஊத்தி முடிக்கேல்லை.